அக்கா தூக்கிப் பார்த்த பளிங்கு முட்டைகள்

சுருவிலில் ஒரு கடற்றொழில் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக எங்கள் அக்கா பிறந்தார். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவர். போரால் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் அந்தக் குணம்தான் எங்களைக் காத்தது. எங்கே போய் இறங்கினாலும் நாங்கள் மூட்டையை அவிழ்க்குமுன் அவர் அடுப்பு மூட்டிவிடுவார். ஊர் திரும்பி, அத்தானைக் கைப்பிடித்து ஊர்காவற்றுறையில் குடியேறிய பிறகும் அவர் கதிரையில் இருந்து நான் கண்டது குறைவு.

அப்படிப்பட்டவருக்குப் பளிங்கு முட்டை செய்யும் ஆசை வந்ததுதான் வேடிக்கை. கனடாவில் இருக்கும் அவருடைய மகள் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். முட்டைக் கோதைப் பாதியாக வெட்டிக் கழுவி, உள்ளே பசை பூசி, படிகாரம் என்கிற சீனக்காரத் தூள் தூவிக் காயவிட வேண்டும். பிறகு சுடுநீரில் சீனக்காரத்தையும் சாயத்தையும் கரைத்து, ஆறியதும் கோதை அமிழ்த்த வேண்டும். மறுநாள் வரை தொடக்கூடாது. தொடாவிட்டால் உள்ளே பெரிதாகப் பளிங்கு கட்டும். அக்காவோ நிமிடத்துக்கொரு தரம் கரண்டியால் தூக்கிப் பார்ப்பார். பளிங்கு பொடிப்பொடியாகத்தான் கட்டும்.

முதல் தடவை கிணற்றுத் தண்ணீரில் கரைத்ததில் எல்லாம் ஊத்தை நிறமாகிவிட்டன. உவர்த் தண்ணீர் முட்டைக்கும் ஒத்துவராதென்று யாருக்குத் தெரியும்? அடுத்த தடவை பவுசர் வண்டியில் வந்த குடிதண்ணீரை எடுத்தார்.

"நாங்கள் உவர்த்தண்ணியில குளிக்க, முட்டைக்கு நல்ல தண்ணியோ?" என்றார் அத்தான்.

"ஓம். முட்டை உங்களைவிட வடிவு."

அன்றிலிருந்து ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் திருப்பலி முடிய, கோயில் வாசலில் பிள்ளைகளுக்கு அக்காவின் முட்டைகள் கிடைத்தன.

இந்த ஆண்டு தவக்காலத்தில் அக்காவுக்கு இருந்த நோய் முற்றியது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பெருநாளுக்குள் முட்டைகளை முடிக்க வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு யோசனை இல்லை. மூச்சு வாங்க வாங்கக் கட்டிலிலிருந்து எழும்புவார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும்.

"பேசாமல் படுங்கோவன், அக்கா."

"முட்டையள்தான் ஆடாமல் கிடக்கவேணும். எனக்கு ஏலாது, பிள்ளை."

பெரிய கிழமையில் ஒரு மாலை, கடைசிக் கோதுகளை இருவருமாக அமிழ்த்தினோம். விடியுமுன் அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார். குசினியில் இருந்த சட்டியை எல்லோரும் மறந்துபோனோம்.

தொழிலுக்குப் போகாமல் எங்களோடு நின்ற அயலவர்களுக்கும், செபமாலை சொல்ல வந்தவர்களுக்கும், கடல் கடந்து ஆறுதல் சொன்ன உறவுகளுக்கும், அந்தச் சட்டியைக் கண்டெடுத்துப் பெருநாளன்று முட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் அக்கா மறைந்த இந்த முப்பத்தோராம் நாளில் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இவ்வளவு பெரிய பளிங்கு ஒரு வருடமும் கட்டவில்லை என்று பலர் என்னிடம் வந்து புகழ்ந்தார்கள். உண்மைதான். இந்தமுறை தூக்கிப் பார்க்க ஆளில்லை.