இடது மூலையில் ஒரு விரல்

திங்கட்கிழமை காலை, சைக்கிள் ரியூப் ஒன்றைத் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பக்கத்துக் கடை ஸ்டூடியோக்காரர், எங்கள் தேவண்ணன், காலமாகிவிட்டார். ரியூப்பைக் கைவிட்டேன். அது மிதந்து வந்து என்னைப் பார்த்தது.

களுவாஞ்சிக்குடியில் அவரிடம் படம் எடுக்காதவர்கள் குறைவு. எடுத்தபின் அவரைத் திட்டாதவர்கள் அதைவிடக் குறைவு. சுனாமிக்குப் பிறகு வாங்கிய டிஜிட்டல் கமராவில் பளிச்சென்றுதான் எடுப்பார். பிறகு கம்ப்யூட்டரில் குந்தியிருந்து அதைக் கெடுப்பார். நாலு மூலையையும் இருட்டாக்குவார். முகத்தில் மஞ்சளும் பச்சையும் ஏற்றுவார். கடைசியில் இடது மேல் மூலையில் சிவப்பாக ஒரு பூச்சு. கல்யாணப் படமும் விளையாட்டுச் சாமான் கமராவில் எடுத்ததுபோலவே வரும்.

"என்னண்ணன், மாப்பிள்ளைக்கு மஞ்சட்காமாலையா?" என்று சீண்டுவேன்.

"நீ ஒட்டுப் போடு மனே. இத நான் பாத்துக்கிறன்" என்பார்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும், கத்தாருக்குப் போக அவரிடம் பாஸ்போர்ட் படம் எடுத்தேன். பழக்கதோஷத்தில் எனக்கும் இருட்டாக்கிச் சிவப்பும் பூசிவிட்டார். பாஸ்போர்ட் கந்தோரில் திருப்பிவிட்டார்கள். படத்தைக் கொண்டுவந்து அவர் மேசையில் எறிந்தேன்.

"ஊரே வெளிய போகுது. நீங்களும் போறல்ல, என்னையும் விடுறல்ல!"

அவர் கோபிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு பழைய படத்தை நீட்டினார். கடை வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் நிற்கிறார். மூலைகள் இருட்டு. இடது மேல் மூலையில் அதே சிவப்பு.

"என்ட மகள் எடுத்தது. ஏறாவூர்க் கடையில வாங்கிக் குடுத்த பிளாஸ்டிக் கமரா. 'கண்ணச் சுருக்காதீங்கப்பா' எண்டு கத்திக் கத்தி எடுத்தவ. கடல் வரக்குள்ள வீட்டோட அவளும் போயிற்றா, கமராவும் போயிற்று. கடையில கிடந்த இது ஒண்டுதான் மிச்சம். எல்லாரையும் எடுத்தவ மனே, அவளுக்கு ஒரு படமில்ல."

சிவப்பைத் தொட்டுக் காட்டினார்.

"இது அவட விரல். எடுக்கக்குள்ள கமராக் கண்ணாடிய மறைச்சிற்றா. இது இல்லாட்டி எனக்கு ஒரு படமும் முடிஞ்ச மாதிரி இல்ல. ரோட்டத் திறந்திற்றாங்கதான். இத விட்டுப்போட்டு நான் எங்க போற?"

எனக்கு வேறு படம் எடுத்தார். அந்தப் பூச்சில்லாமல் அதைக் கையை விட்டுக் கொடுக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. கத்தாரும் எனக்குச் சரிவரவில்லை. ஒரே தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகக் கிடந்தோம். கலரைப் பற்றி மட்டும் அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை.

பிற்காலத்தில் பள்ளிக்கூடப் பெட்டைகள் வந்து, "போனிலயே இந்தக் கலர் வருது மாமா" என்று காட்டுவார்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றி உற்றுப் பார்ப்பார். "விரல் இல்லையே" என்று திருப்பிக் கொடுப்பார். அவர்களுக்கு விளங்காது.

நேற்று அஞ்சலிப் பனர் அடிக்க அந்தப் பழைய படத்தைத்தான் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் இருந்த பிள்ளை கேட்டாள்:

"மாமா, மூலையில சிவப்பா என்னவோ கிடக்கு. அழிச்சிரட்டா?"

"தொடாத புள்ள. படம் எடுத்தவ அவதான். அவளும் நிக்கட்டும்."

பனர் இப்போது பூட்டிய கடையின் முன்னால் தொங்குகிறது. தேவண்ணன், இனியாவது கண்ணைச் சுருக்காமல் நில்லுங்கள். பிள்ளை எடுக்கட்டும்.