எருமைப்பாறை அருமை நகர் ஆனது

எங்கள் தெரு இருக்கும் இடத்துக்கு எருமைப்பாறை என்று பெயர். ஆம்பூரிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மலையடிவாரத்தில், குட்டையை ஒட்டி, கழுத்தை நீட்டிப் படுத்த எருமை மாதிரி ஒரு கரும்பாறை. மழை பெய்தால் முதுகு பளபளக்கும். பெயர் வைத்தவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பெயர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவருக்குத் திடீரென்று உறுத்த ஆரம்பித்தது. தோல் தொழிற்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடி வீடு, கார், மகளின் இன்ஜினியரிங் படிப்பு எல்லாமே எருமைத்தோல் கொடுத்தது. மகளுக்கு வரன் தேடியபோது, சென்னைக்காரர்கள் போனில் விலாசம் கேட்டுச் சிரித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து எருமை ஆகாததாகிவிட்டது.

கூட்டம் போட்டார். ‘அருமை’தான் மருவி ‘எருமை’ ஆனது என்று அறிவித்தார். எதிர்வீட்டு பாய், தோல் மண்டி வைத்திருப்பவர், அவர் ஒருவர்தான் எழுந்தார்.

"நம்ம எல்லாருக்கும் அதுதானே சார் சோறு போடுது. அது பேர் இருந்தா இன்னா பேஜாரு?"

தீர்மானப் புத்தகத்தில் இந்தக் கேள்வி ஏறவில்லை.

நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் ஆண்டு மலரில் இரண்டு கவிதை எழுதிய பாவத்துக்காக, ஊர் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பாறை அங்கேயேதானே படுத்திருக்கிறது என்று இழுத்தேன்.

"பாறைய யாருப்பா பாக்கறான்? போர்டதான் படிப்பான். நீ எழுது" என்றார் தலைவர்.

எழுதினேன். வேட்டைக்கு வந்த ஒரு ராஜா குட்டைத் தண்ணீரைக் குடித்து ‘அருமை’ என்றாராம். இன்று அந்தத் தண்ணீரில் எருமைகூட வாய் வைக்காது. ராஜா என்ன சாதி என்று இரண்டு பேர் தனித்தனியாக வந்து விசாரித்தார்கள். இருவரிடமும் "உங்க ஆளுங்கதான்" என்று சொல்லி அனுப்பினேன். இருவரும் போர்டுக்கு நன்கொடை கொடுத்தார்கள். ‘அருமை நகர்’ என்று நீல நிறத்தில் போர்டு நின்றது.

வேறொரு இடத்திலிருந்து பெண் பார்க்க வரும் நாளும் வந்தது. விருந்தாளிகளுக்கு வரலாறு சொல்ல என்னையும் வாசலில் நிறுத்தியிருந்தார் தலைவர். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரமாகியும் யாரும் வரவில்லை. பிறகு போன் வந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் யாருக்கும் அருமை நகர் தெரியவில்லையாம். ஒருவர் ஊரின் மறுகோடிக்கே வழி காட்டிவிட்டாராம். தலைவர் முதலில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகப் பழைய பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் தெருவே வெளியே வந்து பார்க்கும்படி கத்தினார்.

"எருமைங்க. எருமைப்பாறை. பால் கறக்குமே, அந்த எருமை."

பத்தே நிமிடத்தில் கார் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா இறங்கி, எங்கள் யாரையும் பார்க்காமல் மலையைப் பார்த்தார். "அட, அச்சு அசலா எருமையேதான்" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சம்பந்தம் கூடிவந்தது. அழைப்பிதழில் அருமை நகர் என்று பெரிய எழுத்திலும், எருமைப்பாறை பஸ் நிறுத்தம் அருகில் என்று பொடி எழுத்திலும் அச்சடித்தார்கள். கல்யாணத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி. "நம்ம ஊர் வரலாற்று ஆசிரியர்" என்று சம்பந்தியிடம் அறிமுகப்படுத்தினார்கள். மறுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.