திருப்பதியில் இறக்காத முடி

எனக்கு மொட்டை போட்டது திருப்பதியில் என்றுதான் எங்கள் தெருவே நம்பியது. நான் இன்றுவரை திருப்பதிக்குப் போனதில்லை.

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தை ஒட்டிய ஓர் ஊரில் இருந்தோம். அது கிராமமா, மெட்ராஸா என்று அதற்கே தெரியாத காலம். அப்பா பாதி நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு மெயின் ரோட்டில் சிமென்ட், பெயிண்ட் கடை வைத்திருந்தார். கடை வந்ததும் கூடவே கௌரவமும் வந்துவிட்டது. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு வகுப்புப் பையன் ஒருவனோடு மேட்னி ஷோ பார்க்கப் போனேன். இடைவேளையில் முறுக்கு வாங்கும்போது, கடைக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர் பார்த்துவிட்டார். படம் முடிவதற்குள் அப்பா தியேட்டருக்குள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தில் கடைசியில் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்படிப்பட்ட பெண்களைத் திருத்துவதற்கென்றே ஓர் இல்லம் இருப்பதாக யாரோ அவரிடம் சொன்னார்கள். படப்பையைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் நடக்க வேண்டும். கன்னியாஸ்திரீகள் நடத்தியது. எங்கள் வீட்டில் ஒருவரும் சர்ச் வாசலை மிதித்ததில்லை. ஆனால் வெள்ளை அங்கியும் இங்கிலீஷும் இருக்கிற இடத்தில் ஒழுக்கமும் இருக்கும் என்று அப்பா நம்பினார். நிலம் விற்ற எல்லோருக்கும் அப்போது அந்த நம்பிக்கை இருந்தது. சொந்தக்காரர்களிடம் கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். அங்கே தலைமையில் இருந்தவரை எல்லோரும் மதர் என்பார்கள். அப்பா அவர் முன்னால் கைகூப்பி, "கண்ணு ரெண்டை மட்டும் வுட்டுட்டு தோலை உரிச்சிடுங்கம்மா" என்றார்.

பிள்ளையைப் பள்ளியில் விடுகிற அப்பாக்கள் எல்லோரும் சொல்வதுதான். வாத்தியார்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். மதர் சிரிக்கவில்லை.

அங்கே முப்பது பெண்கள் இருந்தோம். விடிவதற்கு முன் ஜெபம், பிறகு துவைப்பது, பிறகு தையல். தையலில் ஊசி தப்பினால் சரளைக்கல் தரையில் முட்டி போட வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் மறுநாள் அவர்களுடைய கட்டில்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடும். அதுதான் தாங்க முடியவில்லை. முப்பது பேர் இருந்த வீட்டில் பேச ஆளில்லாமல் நான் துவைக்கிற கல்லோடு பேசிக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்று நீங்கள் நினைத்தாலும் சரி. கல் பதில் சொல்லாது, ஆனால் போய் மாட்டியும் விடாது.

மாதம் ஒரு கடிதம் வீட்டுக்கு எழுதலாம். என்ன எழுத வேண்டும் என்பது கரும்பலகையில் இருக்கும். நான் நலம், இங்கே என்னை அன்பாக நடத்துகிறார்கள். முப்பது பேரும் அதைப் பார்த்து எழுதுவோம். மார்கழிக் கடைசியில் ஒரு நாள் நான் சொந்தமாக ஒரு கடிதம் எழுதி, காய்கறி கொண்டுவரும் அம்மாளிடம் ரகசியமாகக் கொடுத்து, தபாலில் போடச் சொன்னேன். நல்ல மனுஷிதான். வயசுப்பெண் திருட்டுத்தனமாகக் கொடுத்தால் அது காதல் கடிதமாகத்தான் இருக்கும், பெண் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள். நேராகக் கொண்டுபோய் மதரிடம் கொடுத்துவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அதை மதர் வாசித்தார். "அப்பா, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. இனிமேல் சினிமாவே பார்க்க மாட்டேன்" என்பதுதான் முழுக் கடிதமும். வாசித்து முடித்ததும் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைக் கழற்றி என் வலது காதுக்குப் பின்னால் ஓங்கி அடித்தார். ரத்தம் கழுத்தில் இறங்கியது. காயத்துக்கு மருந்து போட வேண்டும் என்று சொல்லி முடியை மழித்தார்கள். மருந்து போட்ட இடம் இரண்டு விரல் அகலம். எடுத்தது இடுப்புவரை இருந்த முடி முழுவதும். ஒரு பெண்ணும் தலை நிமிரவில்லை. நானாக இருந்தாலும் நிமிர்ந்திருக்க மாட்டேன். கண் இரண்டையும் மட்டும் மதர் விட்டுவிட்டார். அப்பாவின் சொல்லை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியவர் வேறு யாரும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு அழைத்துப்போக அப்பா வந்தார். என் தலையைப் பார்த்து அப்படியே நின்றார். "ஒரே பேன்" என்றார் மதர். அப்பா தலையாட்டினார். பஸ்ஸில் ஏறியதும் சொன்னேன். "அடிச்சாங்கப்பா. திருப்பி அங்க அனுப்பாதப்பா." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். தாம்பரம் வரும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தெருவுல யாரு கேட்டாலும் திருப்பதின்னு சொல்லு. இன்னா?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்வீட் கடையில் இரண்டு கிலோ லட்டு வாங்கினார்.

எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது, அம்மா. அப்பாவை எதிர்த்துப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஒரு தடவை மல்லுக்கட்டி நிலத்தில் கால்வாசியை விற்காமல் நிறுத்தியிருக்கிறாள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா லட்டுப் பையைக் கையில் கொடுத்து திருப்பதி விஷயத்தைச் சொன்னார். மொட்டைக்குச் சந்தனம் பூசாவிட்டால் யார் நம்புவார்கள்? அம்மா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து என்னை முன்னால் உட்காரவைத்துப் பூச ஆரம்பித்தாள்.

நெற்றியிலிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து பின்னால். அவள் விரல் வலது காதுக்குப் பின்னால் வந்து நின்றது. பொருக்குத் தட்டியிருந்த புண், தொட்டால் இன்னும் வலிக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னாடி இது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று இருந்தேன். "அம்மா" என்றேன். விரல் நகர்ந்தது. அந்த இடத்தில் மட்டும் சந்தனத்தைக் கொஞ்சம் கனமாக அப்பிவிட்டு அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே லட்டு டப்பாவில் பச்சைக் கற்பூரத்தைப் பொடி செய்து தூவினாள். திருப்பதி லட்டு என்றால் அந்த வாசனை வர வேண்டும் அல்லவா?

பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவின் அக்கா, முதல் ஆளாக வந்தாள். "வயசுக்கு வந்த பொண்ணுக்கா மொட்டை அடிப்பாங்கோ? பூமுடி குடுத்தா பத்தாதா?"

"ஹாஸ்டல்ல காமாலை வந்தப்போ வேண்டிக்கினதுக்கா. சாமி காரியத்துல அரைகொறையா செய்யலாமா?" என்றார் அப்பா.

அத்தை லட்டை முகர்ந்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். பிறகு என் தலையிலிருந்து ஒரு துளி சந்தனம் எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, "கோவிந்தா" என்றாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது. அந்த நாலு நாளும் தெருவே வந்து லட்டு வாங்கிப் போயிற்று. உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். தரிசனம் நன்றாக ஆயிற்றா என்றும் கேட்டார்கள். ஆயிற்று என்றேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் அப்பா என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். அம்மா என் பையில் துணியை மடித்துவைத்தாள், மேலே ஒரு சீப்பும் வைத்தாள். இன்னும் ஒன்றேகால் வருடம் அங்கே இருந்தேன். அவளை வெறுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவளையும் வெறுத்துவிட்டால் பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் துவைக்கிற கல்லிடம் அவளுக்காக வாதாடினேன். சவரக்கத்தி பட்ட கீறல் என்று நினைத்திருப்பாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையோடுதான் வீட்டுக்குத் திரும்பினேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் மறைமலை நகரில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே ஒரு பாக்டரியில் ஷிப்ட் வேலை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் இருவர் மட்டும். கேபிளில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம் ஓடியது. சர்ச் நடத்துகிற சீர்திருத்த இல்லம், பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள். அணைத்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை. ஒரு தாய் மகளைப் பார்க்க வருகிறாள். மகளின் கழுத்தில் தழும்பு. தாய் அதைப் பார்க்கிறாள், சட்டைக் காலரை இழுத்து மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

அம்மாவின் கை என் தலைக்கு வந்தது. கொண்டை போட்டிருந்தேன், முடி பழையபடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. அவள் விரல் தேடவேயில்லை. முடிக்குள் புகுந்து வலது காதுக்குப் பின்னால், அந்த இடத்தில் போய் நேராக நின்றது.

"இப்பவும் வலிக்குதாடி?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்! வந்தபோது அழுகை வரவில்லை. தெரியாமல் விட்டாள் என்று சொல்லித்தானே அவளை மன்னித்து வைத்திருந்தேன்? அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இடம்கூட மறக்கவில்லை.

"இல்லம்மா" என்றேன். "அது திருப்பதியில பட்டது. எப்பவோ ஆறிடுச்சு."

அவள் விரல் அங்கேயே நின்றது. நான் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.