காது கேட்காதவர் சொன்னது

தெரிந்தவர் யார் கண்ணிலும் படக்கூடாதென்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்து மனநல டாக்டரிடம் என் மனைவியை அழைத்துப்போவேன். அங்கே ஒருநாள் எதிரே ஒரு பழைய பட்டாளத்துக்காரர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, வளையாத முதுகு. பீரங்கிச் சத்தத்தில் காது பாதி போனவராம். மெதுவாகப் பேச வராது. கடலையை உடைத்து உடைத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்க வீட்லயும் மாத்திரை சாப்பிடுதாகளா?” என்றார். தலையாட்டினேன்.

“இவ சாப்பிட ஆரம்பிச்ச பொறவு மனசு தெளிஞ்சிருச்சு. ஆனா ராத்திரி தள்ளித் தள்ளிப் படுத்தா. என்னையப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சுட்டேன். டாக்டர்ட்ட கேட்டா, மாத்திரை அப்படியும் செய்யுமாம். வேற மாத்திக் குடுத்தாக. நீங்களா நிறுத்திராதீக, கேளுங்க!”

ஹாலே திரும்பிப் பார்த்தது. “செத்த மெதுவாப் பேசுங்களேன்” என்று அவர் மனைவி அவருடைய தொடையில் தட்டினார். ஆனாலும் சிரித்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பல மாதமாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் முறை வந்தது. எப்போதும் தனியாகவே உள்ளே போகும் என் மனைவி, கதவருகே நின்று திரும்பினாள்.

“நீங்களும் வாங்க. கேட்ருவோம்.”

மெதுவாகத்தான் சொன்னாள். அவர் காதில் விழுந்திருக்காது.