பர்மனென்ட் ஆகாத வால்டர்

வால்டர் ஒரு பெரிய ஃபேக்டரியில் கிரேன் ஓட்டினார். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். இரும்பு ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் எட்டு மணி நேரம் பேச ஆள் கிடையாது. கீழே நிற்பவர்கள் கையை ஆட்டுவார்கள். தூக்கு, இறக்கு, நிறுத்து. அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்தால் கோரமண்டல் லைனில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா போன பிறகு அங்கேயும் யாருமில்லை.

அதே கிரேனை இரண்டாம் ஷிப்டில் ஓட்டியவர் மஞ்சுநாத். அவர் பர்மனென்ட், வால்டர் கான்ட்ராக்ட். வேலை ஒன்றுதான், ஆனால் மஞ்சுநாத்துக்குச் சம்பளம் நாலு மடங்கு, குவார்ட்டர்ஸ் வேறு. வால்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் நிறுத்திவிட்டு, புது ஆளாகத் திரும்பவும் சேர்ப்பார் கான்ட்ராக்டர் வேலு. ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

தொண்ணூற்றொன்பதில், முப்பத்தாறு வயதில், ஃப்ளோராவைப் பெண் பார்க்கப் போனார்.

"தம்பி பர்மனென்ட்டுதானே?" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லீங்க, கான்ட்ராக்ட்."

"எத்தினி வருசமா?"

"ஒம்போது."

அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கதவோரம் நின்ற ஃப்ளோரா, "அவரு பொய் சொல்லலியேப்பா" என்றாள். அதற்காகவோ என்னவோ, பர்மனென்ட் ஆனதும் வாங்க, ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

பர்மனென்ட் ஆக்கச் சொல்லி வால்டர் மனு எழுதினார். ஒன்பது வருஷமாக இந்த ஆள் என்னோடு கிரேன் ஓட்டுகிறார் என்று மஞ்சுநாத் அதில் தயங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆபீசில் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சேர்ந்து ரெண்டு மாசம்தானே ஆவுது?" என்றார்கள்.

விஷயம் வேலுவின் காதுக்குப் போனது. "இன்னா வால்டர், மனு கினுன்னு போறியாமே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த பத்து நாள் நிறுத்தம் முடிந்து போனபோது லிஸ்டில் வால்டர் பேர் இல்லை. வேறொரு ஆள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். அவனும் கான்ட்ராக்ட்தான்.

பெங்களூரில் ஒரு ஷெட்டில் கிரேனுக்கு ஆள் கேட்டார்கள். அனுபவத்துக்குப் பேப்பர் இருக்கா என்றார்கள். இல்லை. ஹெல்பர் சம்பளத்துக்கு எழுதிக்கொண்டு கிரேனில் ஏற்றினார்கள். விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி திரும்புவார். பக்கத்து சீட்டுக்காரர்கள் சீட்டாடுவார்கள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஃப்ளோரா வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேலேயே பொறுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிவில் ஃபாதர் ஃப்ளோராவின் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார். மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீசில் வேலை. வால்டர் கடைசி பெஞ்சில் இருந்தார். எழுந்து போகவில்லை. வாசலில் ஃப்ளோராவின் அப்பா இவரைப் பார்த்துத் தடுமாறி நின்றார்.

"நல்லா இருக்கட்டும்ங்க," என்றார் வால்டர்.

"கல்யாணத்துக்கு வாங்க தம்பி."

"அன்னிக்கு ஷிப்ட் இருக்குங்க."

எந்தத் தேதி என்று ஃப்ளோராவின் அப்பா இன்னும் சொல்லியிருக்கவில்லை.