கிளாரன்ஸின் விமான கம்பெனி

பெங்களூர் காக்ஸ் டவுன் தியோடருக்கு ஒரு நாட்டின் மேலேயே பொறாமை. இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் அந்தச் சின்னத் தீவு நாட்டை அவர் பார்த்ததுகூட இல்லை. அங்கே போய் வாழ்ந்தவர் அவருடைய சிநேகிதர் கிளாரன்ஸ்.

இளவயதில் இருவரும் பெங்களூரில் விமான மெக்கானிக்குகள். அந்தத் தீவு அரசாங்கம் சொந்தமாக விமான கம்பெனி ஆரம்பித்தது. இருந்ததோ புரொப்பெல்லர் வைத்த ஒரே ஒரு பழைய விமானம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி இங்கே வந்தார்கள். தயங்கிய கிளாரன்ஸைக் கையைப் பிடித்து இன்டர்வியூவுக்கு இழுத்துப்போனவரே தியோடர்தான். இருவரும் போனதில் எடுத்தது கிளாரன்ஸை.

கம்பெனி இரண்டாவது விமானம் வாங்கியது என்று கேள்விப்பட்ட அன்று தியோடருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெட் வந்து, ஐரோப்பாவரை பறக்கத் தொடங்கியபோது கிளாரன்ஸ் சீஃப் இன்ஜினியர். லீவில் வந்து சர்ச் வாசலில் நின்றால் அவரைச் சுற்றிக் கூட்டம். தியோடர் ஸ்கூட்டரை உதைத்து முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.

பெரிய விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து, பாதி காலியாகப் பறக்கவிட்டு, கடைசியில் கம்பெனி நொடித்துப்போனது. இழுத்து மூடினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தியோடர் மட்டன் வாங்கிவந்தார். என்ன விசேஷம் என்று கேட்ட மனைவியிடம் பையை நீட்டினார்.

கிளாரன்ஸ் ஊர் திரும்பியதும் ஆறுதல் சொல்லப் போனார். வாடிய முகத்தைப் பார்க்கும் ஆசையும் உள்ளே இருந்தது. கிளாரன்ஸ் வாடித்தான் இருந்தார்.

"கடைசி ஃப்ளைட் இறங்குச்சுடா. ஊரே ரன்வே வேலிகிட்ட வந்து நின்னுச்சு. மீன்காரங்க, ஸ்கூல் பசங்க, எல்லாரும். நான் சக்கரத்துக்குக் கட்டை வச்சுட்டு அங்கியே உக்காந்து அழுதுட்டேன்."

தியோடருக்கு அந்த அழுகையின் மேலும் பொறாமை வந்தது. தியோடர் ரிட்டயரான அன்று சால்வை போட்டார்கள்; பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். மூடிவிட்டார்களே என்று அழ அவருக்கென்று ஒன்றும் இருந்ததில்லை.

கொஞ்ச காலம் கழித்து அந்த அரசாங்கம் கம்பெனியை மறுபடி ஆரம்பித்தது, மறுபடியும் ஒரே ஒரு சின்ன விமானத்தோடு. கிளாரன்ஸைத்தான் கூப்பிட்டார்கள். அதற்குள் அவருக்கு பைபாஸ் ஆகியிருந்தது. நேரே தியோடர் வீட்டுக்கு வந்தார்.

"உன் பேரைச் சொல்லிட்டேன். போயிட்டு வாடா."

"நீ வேணாம்னு விட்டத நான் எடுத்துக்கணுமா?"

"நான் எங்க வேணாம்னேன்? டாக்டர் விடல. அன்னிக்கு நீ இழுத்துட்டுப் போகலன்னா நான் போயிருப்பேனா?"

இந்த வார்த்தைக்காகத்தான் தியோடர் இத்தனை வருஷம் காத்திருந்தார். வந்தபின் அது போதவில்லை. சில நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கப் போனார்.

தீவில் இறங்கிய முதல் நாளே விமானம் கழுவுகிறவர் கேட்டார், கிளாரன்ஸ் சார் எப்படி இருக்கிறார் என்று. டீக்கடைக்காரி கேட்டாள். பூசை முடிந்ததும் ஃபாதரும் அதையே கேட்டார். தியோடர் எல்லோருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். ஆனால் அவர் கை வைத்த இன்ஜின் முதல் தடவையிலேயே சீராக உறுமியபோது, இறக்கைக்கு அடியில் நின்று தனியாகச் சிரித்தார்.

கிளாரன்ஸ் போன் செய்தார்.

"என்னைய யாராச்சும் கேட்டாங்களாடா?"

"இல்லடா. எல்லாம் புது ஆளுங்க."

"அப்படியா? சரிடா, வச்சிடறேன்."

"டீக்கடைக்காரம்மா கேட்டாங்க," என்றார் தியோடர் அவசரமாக. மற்ற இருவரைப் பற்றிச் சொல்லவில்லை.