ரூபினி எழுதிய நலங்கு

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொழிற்சாலையொன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் ரூபினிக்கு ஓய்வு நாள் என்றால் செல்லோதான். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தைப் பள்ளியிலேயே கற்றுக்கொண்டவள், ஜொகூர் பாருவில் ஓர் இசைக்குழுவில் வாசித்துவந்தாள். சொந்தமாக இசையும் எழுதுவாள். குழுவை நடத்தும் டாக்டர் குகநாதன் அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்:

"நல்லா இருக்கு ரூபினி. ஆனா எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு."

அவளுக்கும் அது தெரியும். பனியையே பார்த்திராதவளின் இசையில் ஐரோப்பியப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் கோத்தா திங்கியில் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். நலங்கு வைக்கும்போது அத்தை கருப்பாயி மாப்பிள்ளையைக் கிண்டலடித்துப் பாடினாள். அவன் மூக்கு, மீசை, ஓட்டை மோட்டார் சைக்கிள், எதையும் விடவில்லை. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அந்த மெட்டு ரூபினியைப் பிடித்துக்கொண்டது. அதை வைத்து எழுதி, ஒத்திகையில் வாசித்ததைக் கைபேசியில் அத்தைக்குப் போட்டுக் காட்டினாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்றாள் அத்தை.

"இது நீங்க பாடுனதுதான் அத்தை."

"அய்யோ, அலமாக். நான் பாடுனா மாப்பிள்ள வெக்கப்படுவான். இதக் கேட்டா அழுதுருவான்டி."

ரூபினிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அத்தை சொன்னது சரி. பெரிய மேடைக்குப் போகிறதே என்று மெட்டுக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தாள். மறுபடி முதலிலிருந்து எழுதினாள். இந்த முறை செல்லோ சீண்டியது, வயலின்கள் கூடிச் சிரித்தன. நடுவில் எல்லோரும் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கைதட்ட வேண்டும்.

"கைதட்டவா? ஒத்துக்குவாங்களா?" என்றார் குகநாதன்.

"கேட்டுப் பாருங்க டாக்டர். முடியாதுன்னா நான் மட்டும் தட்டுறேன்."

ஒத்துக்கொண்டார்கள். முதலில் தாளம் கன்னாபின்னாவென்று சிதறியது. நான்கைந்து ஒத்திகைக்குப் பிறகு சேர்ந்து வந்தது.

கச்சேரியன்று, தடித்த குரல் கொண்ட பசூன் குழல் மாப்பிள்ளையாக முனகியபோது அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். ரூபினியும் சிரித்துக்கொண்டே வாசித்தாள்.

வெளியே அத்தை காத்திருந்தாள். "இப்பதான் லா கல்யாண வீடு. ஆனா மாப்பிள்ள வீட்டுப் பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? அவங்க பதில் பாட்டு எங்க?"

"எனக்குத் தெரியாதே அத்தை."

"செடெனாக்ல நம்ம சம்பந்தி வீட்டுல பாடுவாங்க. ஞாயித்துக்கிழம போலாம்."

பக்கத்தில் நின்ற குகநாதன், "அதையும் எழுதுங்க. அடுத்த வருஷம் வாசிப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலை ஷிப்ட். கார் நிறுத்துமிடத்துக்குப் போவதற்குள் கூட வேலை செய்யும் பிரவீனாவை அழைத்து, ஷிப்டை மாற்றிக்கொண்டாள்.